தடிப்பின் மேல் ஒரு ஈ.சி.ஜி.

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். காகிதத்தில் அது ராஜினாமா. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கு முதலில் பழுதாவது தோள்பட்டை. நோயாளியின் விலா இடுக்கில் கருவியை அழுத்திப் பிடித்தபடி ஒரு கையை நாள் முழுக்க நீட்டியே வைத்திருக்கிற வேலை அது. என் வலது தோளைப் பார்த்த எலும்பு மருத்துவர் இனி அந்தக் கருவியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு வேலை கிடைக்கும். இதய அறையின் வேலை எனக்கு முடிந்துவிட்டது. முடிந்ததை முடிந்தது என்று சொல்லிக்கொள்வதுதான் எனக்கு வசதி.

வேலை பார்த்தது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தரும ஆஸ்பத்திரியில். என் இடத்தில் இப்போது இருக்கும் பெண்கள் அவ்வப்போது போன் செய்வார்கள். போன வாரம் ஒருத்தி கேட்டாள்:

"அக்கா, தோல் பிரிவுலேர்ந்து ஈ.சி.ஜி.க்கு ஆள் அனுப்பிக்கினே இருக்காங்க. சொரியாசிஸ் வந்தவங்களுக்கு இதயத்தை எதுக்குக்கா பாக்கணும்? அதுவும் அந்தத் தடிப்பு மேலயே லீடு வைன்றாங்க. எங்களுக்கு அப்படிச் சொல்லித் தரலயே."

போனிலேயே சொல்லத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனது. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

முதலில் பாடம். சொரியாசிஸில் தோலின் செல்கள் அவசர அவசரமாகப் பெருகுகின்றன. சிவந்த தடிப்பு, அதன்மேல் வெள்ளைச் செதில். தொற்றாது. உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடல் மீதே கிளர்ந்து எழுவதால் வருவது. இந்தக் கிளர்ச்சிக்கு அழற்சி என்று பெயர், அது தோலோடு நிற்பதில்லை, இரத்தத்திலும் ஓடுகிறது. ஓடுகிற வழியில் இரத்தக் குழாயின் உட்சுவரை உறுத்துகிறது. உறுத்திய இடத்தில் கொழுப்பு படிய இடம் கிடைக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு உடல் பருமன், இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சேர்ந்து வருவதும் அதிகம். அதற்காக எல்லோருக்கும் இதயம் கெடும் என்று பயந்துகொள்ள வேண்டாம். பார்க்காமல் விடக் கூடாது, அவ்வளவுதான்.

நான் படித்த டிப்ளமோவில் இதெல்லாம் இல்லை. வகுப்பு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி, தேர்வு, வேலை என்று என் படிப்புக் காலத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்தப் படிப்பில் தோல் என்ற சொல் வந்த ஞாபகம் ஓர் இடத்தில்தான்: புண்ணோ தடிப்போ இருந்தால் லீடை, அதாவது துடிப்பைப் பதிவு செய்யும் ஒயரின் நுனியை, சற்றுத் தள்ளி ஒட்டு. எல்லோரும் தள்ளித்தான் ஒட்டினோம். அதைத் தப்பு என்று சொல்ல எங்களுக்கு ஒருவர் வரவேண்டியிருந்தது.

வந்தவர் டாக்டர் மெஹருன்னிசா. தோல் மருத்துவர். வண்ணாரப்பேட்டையில் பிறந்து, வண்ணாரப்பேட்டையிலேயே குடியிருந்து, தினமும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். அவர் வேலை பார்க்கும் விதத்தில் நான் முதலில் கவனித்தது அவருடைய உள்ளங்கையை. சொரியாசிஸ் நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்ததும், எத்தனை நாளாக, எங்கெல்லாம் என்று எதையும் கேட்பதற்கு முன் தடிப்பின் மேல் கையை முழுதாக வைப்பார். கையுறை கிடையாது. வைத்த கையை எடுக்காமல்தான் கேள்வியைத் தொடங்குவார். அடுத்த நோயாளி வருவதற்குள் கை கழுவிவிடுவார், ஆனால் இந்த நோயாளி கதவைத் தாண்டிப் போன பிறகுதான் குழாயைத் திறப்பார். தண்ணீர்ச் சத்தம் நோயாளியின் காதில் விழாது. இதை அவர் யாருக்கும் விதியாகச் சொன்னதில்லை. நாங்களாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஒருநாள் அவரே எங்கள் அறைக்கு வந்தார். "என் பேஷண்டுக்கு லீடு எங்க வெக்கிறீங்கன்னு காட்டுங்க" என்றார். காட்டினோம். நெஞ்சில் வைக்க வேண்டிய ஆறில் பாதி, தடிப்பைத் தவிர்த்து விலாப் பக்கம் நகர்ந்திருந்தன. கோபப்படவில்லை.

"ஆறும் ஆறு ஜன்னல். ஜன்னலைத் தள்ளி வெச்சா பக்கத்துத் தெருதான் தெரியும். எனக்கு இந்தத் தெரு வேணும்" என்றார்.

எங்கள் இதய மருத்துவர் அப்போது அறையில் இருந்தார். "மெஹர், அடுத்து தொண்டையையும் பாக்க ஆரம்பிச்சுடுவே போல" என்று சீண்டினார்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் சார். தொண்டையில கிருமி இருந்தா சொரியாசிஸ் கிளம்பும். உங்க வேலையையும் சேர்த்துச் செய்யறேன், நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

அன்று அவர் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இன்று உங்களையும் செய்யச் சொல்கிறார்கள். காரணத்தோடு ஒருமுறை எழுதிவிடுகிறேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைத் தடிப்பின் மேல் போட்டுக் காத்திருங்கள். தானாக வருகிற செதிலை மட்டும் ஒற்றி எடுங்கள். சுரண்டினால் காயம்பட்ட இடத்திலேயே புதுத் தடிப்பு கிளம்பும் என்பது இந்த நோயின் குணம். ஸ்பிரிட் எரியும், வேண்டாம். எண்ணெயோ களிம்போ பூசியிருந்தால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தாளில் கோடு ஆடும். உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் குமிழும் தோலைக் காயப்படுத்தும். கூழ் தடவிய லீடு வில்லையை வைத்து விளிம்பை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது நனைத்து எடுங்கள். தடிப்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், விட்டதைத் தாளில் எழுதுங்கள். செதில் படுக்கையில் விழும். விழட்டும். அதைப் பார்த்து உங்கள் முகம் மாறக் கூடாது. இந்தக் கடைசி வரியும் தொழில்நுட்பம்தான் என்பார் மெஹர் டாக்டர்.

லீடு மட்டுமில்லை. நம் பகுதியில் மரியாதை என்ற பெயரில் நிறைய நடந்துகொண்டிருந்தது. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு வருகிறவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, சட்டையின் மேலேயே பி.பி. பட்டையைக் கட்டுவார்கள். முகாம்களில் முதுகைத் திருப்பச் சொல்ல மாட்டார்கள். எல்லாம் நல்ல மனதோடுதான்.

இனி தேசம்மா. அவர் இன்றும் சந்தையில் இருக்கிறார், ஆகவே பதறாமல் படியுங்கள். அன்றைக்கு எங்கள் முன் இருந்த கேள்வி, அவர் ஆம்புலன்ஸில் ஏறுவாரா மாட்டாரா என்பது.

காசிமேட்டில் ஏலம் எடுத்து, திருவொற்றியூரில் உட்கார்ந்து மீன் விற்கிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது. புடவைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கை நுனி புறங்கையில் இறங்கும்படி பொத்தான் போட்டு. மீன்காரம்மாக்கள் பலர் அப்படித்தான் போடுவார்கள் என்பதால் அவருடையது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அடியில் முழங்கையிலிருந்து புறங்கை வரை தடிப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மாவோடு தட்டு மாற்றுவதற்குள் கை சுத்தமாக வேண்டும் என்பதற்காக வந்திருந்தார்.

"ஒரு ஊசி கீது டாக்டரம்மா. எங்க ஏரியாவுல ஒருத்தரு போடுவாரு. போட்டா ஷோக்கா மறஞ்சிடும். அவரு ஊருக்குப் பூட்டாரு. அத்த நீ போட்டு வுட்டுடு, எனுக்கு வேற ஒண்ணியும் வோணாம்."

டாக்டரின் உள்ளங்கை அவர் புறங்கையின் மேல் இருந்தது. "அந்த ஊசி மறைக்கும்க்கா. விட்டா முன்னைவிட ஜாஸ்தியா கிளம்பும். போன தடவை அப்படித்தான ஆச்சு?"

"ஆச்சு. நிச்சயம் முடிஞ்சப்புறம் கிளம்பட்டும், எனுக்கு இன்னா."

இந்த நோயாளிகளுக்கு வழக்கமான அளவுகளை எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தேன்.

"இன்னா கண்ணு, ஜாக்கெட்டு தெக்கப் போறியா?"

"ஆமாம்மா, நிச்சயத்துக்கு."

"அப்போ கொஞ்சம் லூஸா வுடு. அன்னிக்கு பிரியாணி கீது."

பி.பி. பார்க்கச் சட்டையை மடிக்கச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "மேலயே கட்டு. எல்லா ஆஸ்பத்திரிலயும் மேலதான் கட்றாங்கோ" என்றார். நான் பட்டையைக் கையில் பிடித்தபடி காத்து நின்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இந்தா, பாத்துக்கோ" என்று பொத்தானை அவரே கழற்றினார். அழுத்தம் நிறையவே ஏறியிருந்தது.

டாக்டர் கேட்டார்: "கூடை தூக்கும்போது, படி ஏறும்போது எங்கயாவது பிடிக்குதா?"

"எங்கியும் இல்ல. தாடையில ஒரு இழுப்பு இழுக்கும். ரெண்டு கையும் கனக்கும். வாயு. குந்தி ஒரு சோடா குடிச்சா பூடும்."

"உக்காந்துதான் குடிப்பீங்களா?"

"பின்ன, கூடையத் தூக்கினா குடிப்பாங்கோ?"

"உக்காந்ததால போவுதுக்கா. சோடாவால இல்ல. இது இதயமா இருக்கலாம், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடலாம்."

தேசம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "தோலுக்கு வந்தா மாரை இன்னாத்துக்கு நோண்டறீங்கோ? பேஜாரு பண்ணாத டாக்டரம்மா. ஊசி உண்டா இல்லியா?"

மெஹர் டாக்டர் அப்போது பேசியதைத்தான் நான் பல முறை நினைத்துக்கொள்வேன். படம் வரைந்து விளக்கவில்லை. பயமுறுத்தவும் இல்லை.

"அக்கா, ஏலத்துல மீன் நல்லாகீதான்னு எங்க பாப்பீங்க?"

"செவுளைத் தூக்கி."

"மேல செதில் நல்லா இருந்தா போதாதா?"

"செதிலப் பாத்து வாங்கினா வியாபாரம் பண்ண மாதிரிதான். உள்ள செவப்பா இல்லன்னா அவன் மூஞ்சிலயே வுட்டெறிவேன்."

"நான் உங்க செவுளைத் தூக்கிப் பாக்கறேன்னு சொல்றேன். நீங்க செதிலையே காட்டிக்கிட்டு இருக்கீங்க."

தேசம்மா என்னிடம் திரும்பி, "இவங்களாண்ட ஏலத்துல நிக்க முடியாது போலகீதே. வா, எங்க படுக்கணும்?" என்றார்.

நெஞ்சிலும் இடது மார்பின் கீழும் தடிப்பு பரவலாக இருந்தது. சரியாக நான் லீடு வைக்க வேண்டிய இடங்களில். துணியை நனைத்துப் போட்டுக் காத்திருந்தேன். முன்பு ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"மார்க்கெட்டுல காம்ப்பு போட்டாங்கோ. எடுத்தாங்கோ. நல்லாகீதுன்னாங்கோ."

"இங்கயா வெச்சாங்க?"

"அய்ய, அந்தப் பொண்ணு பாவம். இத்தப் பாத்துட்டு இந்தாண்ட வெச்சா." விலாப் பக்கத்தைக் காட்டினார். "நல்ல பொண்ணு. எனுக்கு கூச்சமா இருக்கும்னு பாக்காத மாதிரியே இருந்தா."

வில்லைகளை அதனதன் இடத்தில், தடிப்பின் மேல், ஒட்டினேன். ஒன்றன் விளிம்பை விரலால் பிடித்துக்கொண்டேன். தாள் வெளியே வந்தது. நெஞ்சின் முன்பக்கத்தைப் பார்க்கும் கோடுகளில், ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் மேலெழ வேண்டிய டி அலை ஆழமாகக் கவிழ்ந்திருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு வலி எதுவும் இல்லை. வலி இல்லாத நேரத்தில் இப்படித் தெரிவது, இதயத்தின் முன்சுவருக்குப் போகும் பெரிய குழாய் குறுகி, அடைபடத் தயாராக நிற்பதற்கான அடையாளமாக இருக்கலாம். முகாம் நடந்தபோது அவர் இதயம் நன்றாகவே இருந்ததா, தள்ளி வைத்ததால் தெரியாமல் போனதா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இப்போது வழியும் இல்லை.

டாக்டர் தாளை நின்றபடி படித்தார். இதய மருத்துவரிடம் போனில் நான்கே வாக்கியங்கள் பேசினார். ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்க வைத்தார். இதயக் குழாய்க்குள் பார்க்கிற ஆஞ்சியோ எங்களிடம் கிடையாது. ராயபுரத்தைத் தாண்டி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டும். தேசம்மாவை மானிட்டரில் இணைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னோம்.

"ஞாயித்துக்கெயமை தாண்டி போறேன்."

"ஞாயித்துக்கிழமையைத் தாண்டறதுக்குத்தான்க்கா இன்னிக்கே போகச் சொல்றேன்."

"ஆம்புலன்ஸுல ஏற மாட்டேன். ஊட்டுக்கு அனுப்பு."

டாக்டர் படுக்கையின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவர் நோயாளியின் படுக்கையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. தேசம்மாவே சொன்னார். ஆஸ்பத்திரியில் படுத்தால் சட்டையைக் கழற்றி அரைக்கை அங்கி மாட்டுவார்கள். சம்மந்தியம்மா பார்க்க வருவார். ராயபுரத்துக்காரர், வீடு அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கம். கையைப் பார்ப்பார், முதுகைப் பார்ப்பார். "மீன் விக்கற கையிது டாக்டரம்மா. கலீஜுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, என் பொண்ணு வாழ்க்க போச்சு. அதுக்கு நான் மாரு வெடிச்சே பூட்றேன்."

"அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றார் டாக்டர். "வேணாம்னுகூட சொல்லலாம். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. இதுக்கு இருக்கு." கையிலிருந்த தாளைக் காட்டினார். "போன்ல நான் பேசட்டா?"

"நீ சொன்னா டாக்டரு சொல்றாங்கன்னு கேட்டுக்குவா. மனசுல வெச்சுக்குவா." கண்ணை மூடி யோசித்தார். பிறகு என்னிடம், "கண்ணு, சட்டப் பையில போன் கீது. சம்மந்தின்னு இருக்கும். போட்டு வாயாண்ட வை" என்றார்.

கையில் ஒயர்கள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். எதிர்முனையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

"சொல்லு சம்மந்தி. பூவுக்கு சொல்லிட்டியா?"

"பூவு கெடக்கட்டும். எனுக்கு மாருல அடைப்பு கீதாம். வண்டியில இட்டுனு போவணும்ன்றாங்கோ. இன்னோண்ணும் கீது, அத்தையும் கேட்டுக்கோ. எனுக்குத் தோலு வியாதி. கை, மாரு, முதுகு எல்லாம் கீது. தொத்தாது. பொண்ணுக்கு இல்ல. ஆனா என்னிக்குமே வராதுன்னு டாக்டரம்மா சொல்ல மாட்டேன்றாங்கோ. மறைச்சு தட்டு மாத்தலாம்னுதான் இருந்தேன். வோணாம்னா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

மானிட்டரில் நாடித் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. எனக்கு அதை மட்டும்தான் பார்க்கத் தெரிந்தது. டாக்டரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் போனை வாங்கவில்லை, ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

"தெரியும்" என்றது போன்.

தேசம்மா தலையைத் தூக்கினார். "இன்னா தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பாத்தேன். காபி குடுக்கறப்போ உன் ஜாக்கெட்டு கை ஏறிச்சு. கேட்டா சங்கடப்படுவேன்னு கேக்கல."

"தெரிஞ்சுகினா கம்முனு இருந்தே?"

"நீயுந்தான் கம்முனு இருந்தே. சரி, எந்த ஆஸ்பத்திரி? அத்த சொல்லு மொதல்ல."

டாக்டரே பெயரைச் சொன்னார். தேசம்மா கூரையைப் பார்த்தபடி, "வண்டிக்குத் தூக்கச் சொல்லு" என்றார்.

மானிட்டரைப் பார்த்துக்கொள்ள நான் கூடவே ஏறினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நின்றிருந்தன. சைரன் அலறிக்கொண்டே இருந்தது, வண்டி ஊர்ந்தது. கோட்டில் ஒரு மாற்றமும் இல்லை என்பதை நான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். மறுநாள் அந்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கிட்டத்தட்ட மூடிவிட்டிருந்ததாம். தோலுக்கான முறையான சிகிச்சையை அதற்கப்புறம் மெஹர் டாக்டர் தொடங்கினார்.

அவசரப் பிரிவு வாசலில் இறக்கினோம். உள்ளே படுக்கையில் மாற்றி, சட்டையை எடுத்துவிட்டு, அரைக்கை அங்கியைப் போட்டார்கள். அப்போது கையில் ஃபிளாஸ்க்கோடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேராகத் தேசம்மாவின் கையை, தடிப்பு அதிகம் இருந்த இடது கையை, இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"இன்னா சம்மந்தி, இவ்ளோ நேரமா? நான் வந்து எம்மாம் நேரமாவுது."

"லாரிங்கோ. ஒருத்தனும் வழி வுடல."

"மெயின் ரோட்ல ஏன் வந்தே? உள்ள பூந்து வர்றதுதான."

"நானா ஓட்டினேன்? டிரைவராண்ட கேளு."

மருந்து ஏற்றுவதற்கு ஊசி குத்த ஒரு நர்ஸ் வந்து, கையை விடும்மா என்றார். சம்மந்தியம்மா விடவில்லை.

"அந்தாண்ட கையில குத்திக்கோ கண்ணு. இந்தக் கை எங்கிட்ட இருக்கட்டும்."